அறுபத்திரண்டாம் பக்கத்தை நான்தான் எழுதினேன்

ஷிபானா கிண்ணியாவில் இருந்து வேலைக்கு வருகிற பிள்ளை. நான் முப்பத்தைந்து வருடம் உழைத்துவிட்டு வெளியே வந்த அச்சகத்தில் கணினி வடிவமைப்பு முழுவதும் இப்போது அவள் கையில். போன மாதம் ஒரு காலை, லிங்கநகர் வீட்டில் நான் தேத்தண்ணிக் கோப்பையோடு இருந்தபோது, வட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினாள். புத்தகத்தின் பின்னட்டை. மறைந்த கவிஞர் பூரணத்தின் கவிதைகளும் நாட்குறிப்புகளும், இரண்டாம் பதிப்பு. கூடவே ஒரு குரல் செய்தி.

"அங்கிள், முதல் பதிப்போட நிண்டது நீங்கதானே. ஒருக்கா எழுத்துப்பிழை பாத்துத் தாங்கோ. பிறகு, பதிப்பு அனுபவம் எண்டு மூண்டு நாலு பக்கம் நீங்க எழுதித் தந்தா முன்னுக்குப் போடலாமாம். கனடாவில இருந்து அவவின்ர அண்ணன், அந்த ஐயா கேட்டவர்."

பின்னட்டையில் கடல். கடலின் மேல் வெள்ளை எழுத்தில் சில வரிகள்:

"கடல் யாரிடமும் எதையும் திருப்பிக் கேட்பதில்லை, அண்ணா. எத்தனை வலைகள் தன்னைக் கீறினாலும் மறுநாள் காலை அதே கரைக்கு அதே அலையோடு வந்துவிடுகிறது. நானும் வந்துவிட்டேன். உங்கள்மீது எனக்கு ஒரு கோபமும் இல்லை."

எழுத்துப்பிழை ஒன்றும் இல்லை, பிள்ளை. முற்றுப்புள்ளி எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கிறது. பிழை வேறு. இந்த வரிகளைப் பூரணம் எழுதவில்லை. நான் எழுதினேன். அவர் செத்து நான்கு மாதத்துக்குப் பிறகு, அச்சகத்துப் பின்னறையில், மின்விசிறிக்குக் கீழே இருந்து, முக்கால் மணித்தியாலத்தில் எழுதி முடித்தேன். அந்தத் திகதியில் பூரணம் எழுதி வைத்திருந்தது இதற்கு நேர்மாறானது. அதைத் தூக்கிவிட்டு இதை அந்த இடத்தில் வைத்தோம்.

ஒன்பது வருடம். இந்த வரிகளைப் பாடசாலைப் பேச்சுப்போட்டியில் ஒரு பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு சொல்லக் கேட்டிருக்கிறேன். ஒரு கூட்டத்தில் ஒரு விரிவுரையாளர், மன்னிக்கத் தெரிந்த பெண் மனம் என்று இதை வைத்து ஒரு மணித்தியாலம் பேசினார். தேநீர் இடைவேளையில் அவர் என்னிடம் வந்தார். "நீங்களும் வசனகவிதை எழுதுவீங்களாம். இப்பிடி ஒரு வரி உங்களால எழுதேலுமோ?" என்று கேட்டார். நான் தேநீரைக் குடித்தேன்.

அனுபவம் கேட்டார்கள். தருகிறேன்.

அச்சகத்துக்கு வந்த கதையை நீட்டத் தேவையில்லை. உயர்தரப் பரீட்சையில் கோட்டை விட்டேன், ஈய எழுத்துக் கோர்க்கப் பழகினேன், ஈயம் போய்க் கணினி வந்தது, சண்டை வந்து, நின்று, திரும்ப வந்து, முடிந்தது, கண்ணாடி தடித்தது, ஐம்பத்தாறில் கண் ஏலாதென்றது, வெளியே வந்தேன். அவ்வளவுதான். கல்யாண அட்டை, கோயில் நோட்டீஸ், கடைத் துண்டுப் புத்தகம் எல்லாம் அடித்தோம். ஆனால் எங்கள் அச்சகத்துக்குச் சோறு போட்டது கல்வெட்டு.

வேறிடத்தில் இருந்து வாசிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் ஒருவர் செத்து முப்பத்தோராம் நாள், வீட்டுக்கு வருகிறவர்களின் கையில் ஒரு சிறு புத்தகம் கொடுப்பார்கள். செத்தவரின் படம், வாழ்க்கை வரலாறு, தேவாரம், பிறகு புலம்பல்கள். மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல், பேரப்பிள்ளைகள் புலம்பல். எல்லாம் பாட்டாக இருக்கும். அந்தப் பாட்டை வீட்டுக்காரர் எழுதுவதில்லை. அச்சகத்தில் ஒருவன் இருப்பான். அந்த ஒருவன் நான். ஒரே காலையில் மூன்று வீட்டு மருமகளாக அழுதிருக்கிறேன்.

அச்சகத்தை நடத்தியவர் சபாரத்தினம் சேர். முன்பு தமிழ் படிப்பித்தவர். சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. மை ஒட்டிய கையோடு ஒருவரும் மூலப்பிரதியைத் தொடக்கூடாது. தானும் வாசலில் இருக்கும் வாளியில் கை கழுவி, வேட்டித் தலைப்பில் துடைத்து, பிறகுதான் தாளை எடுப்பார். சிவப்புப் பென்சிலை பிளேட்டால் சீவுவார், சீவல் மேசையில் விழாமல் உள்ளங்கையில் பிடிப்பார். செத்த வீட்டு ஆட்களுக்குக் கதிரை போட்டு, முதலில் ஒன்றும் கேட்காமல் கொஞ்ச நேரம் இருப்பார். பிறகு கேள்விகள். பிறந்த இடம். தாய் தகப்பன். தொழில். என்ன வருத்தம். கடைசியாக, குரலைத் தாழ்த்தி ஒரு கேள்வி: "ஆற்ர பேரை விட்டாக் கோவம் வரும்?" அந்தப் பெயரைத்தான் முதலில் எழுதுவார்.

அவருக்கு இரண்டு சட்டம் இருந்தது. கல்வெட்டில் செத்தவர் ஒருவரையும் நோகப் பண்ணக்கூடாது. கல்வெட்டில் வெறும் பக்கம் வரக்கூடாது. வெறும் பக்கம் விட்டால் அந்த வீட்டில் அடுத்த ஆளுக்கு இடம் விட்டதாக ஆகும் என்பார். பக்கம் மிஞ்சினால் நான் எழுதி நிரப்பவேண்டும். பேரப்பிள்ளை இல்லாதவருக்கு அயலவர் புலம்பல் எழுதியிருக்கிறேன். அயலவரோடு வேலிச் சண்டை பிடித்தவருக்கு அவர் வளர்த்த பசுவின் புலம்பல் எழுதியிருக்கிறேன்.

ஒருமுறை ஒரு பெண் வந்தார். புருசன் அடிக்கிறவர், ஊருக்கே தெரியும். மனைவி புலம்பல் வேண்டாம் என்றார். சேர் மெதுவாகக் கதைத்துக் கதைத்துச் சம்மதிக்கப் பண்ணினார். நான் எழுதி வாசித்துக் காட்டினேன், என் தெய்வமே, என் நிழலே என்று நாற்பது வரி. அந்தப் பெண் முழுவதையும் கேட்டார். பிறகு என்னைப் பார்த்து, "தம்பி, இது ஆற்ர புருசன்?" என்றார்.

சேர் சிரிக்கவில்லை. "உம்மடதான் பிள்ளை. முப்பத்தோராம் நாளுக்கு வாற புருசன்."

நான் மட்டும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் காது எரிகிறது.

பூரணம் சல்லி என்கிற கரையோரக் கிராமத்து ஆள். உள்துறைமுகப் பக்கம் மீன்பிடி வள்ளங்களுக்கு ஐஸ் கொடுக்கும் ஒரு சிறிய இடத்தில் துண்டு எழுதினார். எந்த வள்ளத்துக்கு எத்தனை கட்டி என்று எழுதிக் கிழித்துக் கொடுக்கிற வேலை. அந்தத் துண்டுப் புத்தகங்கள் எங்களிடம்தான் அச்சாகின. மாதத்துக்கு ஒருமுறை சைக்கிளில் வந்து, புத்தகக் கட்டைக் கரியரில் வைத்து ரியூப்பால் இறுக்கிக்கொண்டு போவார். எங்கள் நகரத் தெருக்களில் திரிந்து, அச்சகத்து வெட்டுத்தாளைத் தின்ன வரும் மான்களைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நிற்பார். நான் மழையைப் பற்றிக் கதைத்திருக்கிறேன், மின்வெட்டைப் பற்றிக் கதைத்திருக்கிறேன். அப்போது நான் மாவட்டத்துக் கவியரங்குகளில் சால்வையோடு ஏறி இறங்குகிற ஆள். அவர் ஒருநாளும் நானும் எழுதுகிறேன் என்று சொன்னதில்லை. நானும் ஒருநாளும் இருங்கோ என்று ஒரு கதிரையை இழுத்துப் போட்டதில்லை. சிறுநீரக வருத்தத்தில் போனார். ஐம்பத்து மூன்று வயது.

அவர் போய் இரண்டு மாதத்தில் தங்கை மலர் அச்சகத்துக்கு வந்தார். மலர் அக்கா சல்லியில் கருவாடு போடுகிறவர். பொலித்தீன் பையில் மூன்று நாட்குறிப்புக் கொப்பிகளும், பின்பக்கத்தில் கவிதை எழுதிய ஐஸ் துண்டுச் சீட்டுகளின் ஒரு கட்டும் இருந்தன. மூத்த அண்ணன் குலசேகரம் கனடாவில் இருந்து பேசி, நல்ல புத்தகமாக அடிக்கச் சொல்லியிருக்கிறார், வெளியீட்டுக்குத் தானே வருவாராம்.

"நான் ஒண்டுதான் கேக்கிறன்," என்றார் மலர் அக்கா. "அக்கா எழுதினது எழுதினபடி வரவேணும். நல்லா எழுதத் தெரியாட்டியும் பரவாயில்லை. அவ எழுதினபடி."

"ஓம் பிள்ளை," என்றார் சேர், கை கழுவிக்கொண்டே.

கட்டை அவிழ்த்து நான் முதலில் வாசித்த துண்டு இது:

ஐஸ் சுமக்கிறவனுக்கு
முதுகில் ஒரு சாக்கு.
துண்டு எழுதுகிறவளுக்கு
என்ன இருக்கிறது.

கேள்விக்குறிகூடப் போடவில்லை. கேட்டுப் பயனில்லை என்று தெரிந்த ஆளின் முற்றுப்புள்ளி. நான் கதிரையை விட்டு எழும்பி வெளியே போய் நின்றேன். முப்பது வருடமாக நான் பூச்சூடிப் பொட்டிட்டு மேடைக்கு அனுப்பிய வரிகள் எல்லாம் வெட்டுத்தாள்களோடு கிடந்தன. மான்களுக்குக்கூட அது வேண்டாமாக இருந்திருக்கும்.

நாட்குறிப்புகளும் அப்படித்தான். "இண்டைக்கு ஏழு வள்ளம் வந்தது. ஒண்டும் சிரிக்கேல்ல." இன்னொரு நாள்: "பல்லுக்கொதி. ஐஸை வச்சன். வேலை செய்யிற இடத்தில கிடைச்ச முதல் லாபம்." ஒரு நாளுக்கு ஒரு பக்கம் என்று சேர் வடிவமைக்கச் சொன்னார்.

மூலத்தோடு ஒப்பு நோக்க எங்களுக்கு ஒரு முறை உண்டு. ஒருவர் மூலத்தைச் சத்தமாக வாசிப்பார், காற்புள்ளி, முற்றுப்புள்ளி எல்லாம் சொல்லி. மற்றவர் அச்சுப்படியில் பென்சிலோடு பின்தொடர்வார். பூரணத்தின் கையெழுத்து மலர் அக்காவுக்குத்தான் பிடிபட்டது. அதனால் அவரே பஸ் ஏறி வந்து வாசித்தார். ஒன்பது நாட்கள். கருவாட்டு மணம் போகவில்லையென்று முந்தானையில் திரும்பத் திரும்பக் கையைத் துடைத்துக்கொண்டு வாசிப்பார்.

"அழுதன் முற்றுப்புள்ளி," என்று வாசித்துவிட்டு ஒருநாள் சிரித்தார். "தம்பி, அக்கா அழுதா ஒருநாளும் முற்றுப்புள்ளி வராது. ரெண்டு நாளைக்குப் போகும்."

ஆறாம் நாள் அந்தக் குறிப்பு வந்தது. விசயம் இதுதான். இளவயதில் பூரணத்துக்கு நூலக உதவியாளராக வேலை கிடைத்து, நியமனக் கடிதம் வந்திருக்கிறது. அண்ணன் அதை உடைத்துப் பார்த்துவிட்டு, அலுமாரியில் ஒளித்து வைத்துவிட்டார். கடிதம் வரவே இல்லையென்று நினைத்துப் பூரணம் ஐஸ் துண்டு எழுதப் போனார். பதினொரு வருடம் கழித்து, கனடாவில் இருந்து விடுமுறையில் வந்த அண்ணன் தன் சான்றிதழை எடுத்துத் தரச் சொன்னபோது, அதே அலுமாரியில் அந்தக் கடிதம் அவர் கையில் அகப்பட்டது. அன்று எழுதியது அது. மன்னிக்கவில்லை என்று எழுதியிருந்தார்.

மலர் அக்கா குரல் நடுங்காமல் வாசித்தார். காற்புள்ளி, முற்றுப்புள்ளி, எல்லாம் சொன்னார். முடித்துவிட்டு, "இதுவும் வரும்தானே?" என்றார்.

"வரும் அக்கா."

குடும்பத்து ஆள் ஒவ்வொரு அச்சுப்படியிலும் 'சரி' போட்டுக் கையெழுத்து வைக்காமல் சேர் எதையும் அச்சுக்கு விடமாட்டார். மலர் அக்கா அந்தப் பக்கத்தில் மற்றப் பக்கங்களைவிட அழுத்தமாக 'சரி' போட்டார். தாளின் பின்புறம் தடவினால் இப்போதும் தெரியும். பக்கம் அறுபத்திரண்டு.

பதினாறு பக்கம் சேர்ந்தது ஒரு பாரம். மற்றப் பாரங்கள் எல்லாம் அச்சேறி முடிந்தன. ஒரு படம் வரத் தாமதமாகி நாலாம் பாரம் மட்டும் நின்றது, நாற்பத்தொன்பதில் இருந்து அறுபத்து நாலு வரை. அந்த இடைவெளியில், மின்னஞ்சலில் அனுப்பிய அச்சுப்படிகளைப் பார்த்துவிட்டுக் கனடாவில் இருந்து குலசேகரம் அழைத்தார். சேர் தொலைபேசியை மேசையில் வைத்து எல்லாருக்கும் கேட்கவிட்டார்.

"சேர், வடிவாச் செய்திருக்கிறியள். அந்த அறுபத்திரெண்டை மட்டும் எடுத்திடுங்கோ. தங்கச்சி வருத்தத்தில எழுதினது. அந்தக் காலத்தில நான் என்ன செய்யிறது, அம்மா படுக்கையில, மலர் பள்ளிக்கூடம் போற பிள்ளை. நான் இவ்வளவு தூரம் வந்து மேடையில நிக்கேக்க, ஊர்ச்சனம் அதைக் கையில வச்சுக்கொண்டு என்னைப் பாக்கிறதே?"

அவருடைய குரலில் பயம் இருந்தது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கடிதம் பதினொரு வருடம் அலுமாரியில் கிடந்தபோது அந்தப் பயம் எங்கே போனது?

"அது வீட்டுக் கதைதான்," என்றார் சேர். "நான் பாக்கிறன்."

அழைப்பு முடிந்ததும் நான் சொன்னேன். "சேர், மலர் அக்கா கையெழுத்து வச்சவ. வரும் எண்டு நான் சொன்னனான்."

"நீர் ஏன் சொன்னீர்?"

"அப்ப வெறும் பக்கமா விடுவம். திகதியை மட்டும் போட்டு."

சேர் கண்ணாடியைக் கழற்றினார். "செத்த ஆளின்ர புத்தகத்தில வெறும் பக்கமோ? அந்த வீட்டில மிச்சம் இருக்கிறது அந்த ஒரு பிள்ளைதான். அவளுக்கோ இடம் விடுறீர்?"

"இது கல்வெட்டு இல்லை சேர்."

"செத்த ஆளை வச்சு, உயிரோட இருக்கிறவன் அடிக்கிறது எல்லாம் கல்வெட்டுத்தான்." பென்சிலை எடுத்துச் சீவத் தொடங்கினார். சீவல் உள்ளங்கையில் விழுந்தது. "அவவின்ர கையை நீர் நல்லாப் படிச்சிருக்கிறீர். அதே திகதியில ஒரு பக்கம் எழுதும். நோகாம எழுதும்."

வேலையை விட்டுவிட்டு வெளியே போயிருக்கலாம். மலர் அக்காவுக்கு ஒரு அழைப்பு எடுத்திருக்கலாம். பழக்கம் என்னைப் பின்னறைக் கதிரையில் கொண்டுபோய் இருத்தியது. செத்தவருக்காக எழுது என்று சொன்னால் எழுதுகிற கை என்னுடையது. ஆனால் பழக்கத்தின் மேல் முழுப் பழியையும் போட்டுவிட்டுத் தப்ப நான் விடமாட்டேன், என்னையே விடமாட்டேன். உண்மை அதைவிட அசிங்கமானது. எழுதும்போது எனக்குச் சந்தோசமாக இருந்தது. வரி வரியாக வந்தது. புலம்பல் யாப்பு இல்லை, மேடை இல்லை, சால்வை இல்லை. ஒரு நல்ல கவிஞரின் தோலுக்குள் புகுந்துகொண்டு, என் வாழ்நாளில் முதல்முறையாக நல்ல வசனகவிதை எழுதுகிறேன் என்று மேனி சிலிர்த்தது. சேரிடம் கொண்டுபோய்க் கொடுத்தபோது அவர் இரண்டு தரம் வாசித்தார். ஒரு எழுத்தும் வெட்டவில்லை. முப்பது வருடத்தில் அவர் சிவப்புப் பென்சில் தொடாத என் தாள் அது ஒன்றுதான்.

வெளியீட்டில் குலசேகரம் வேறு எந்தப் பக்கத்தையும் வாசிக்கவில்லை. அறுபத்திரண்டை வாசித்தார். நடுவில் குரல் உடைந்தது. மண்டபம் அழுதது. பூரணம் இருக்கும்போது அவருக்கு ஒரு நாளும் ஒரு கடுதாசி போடாத ஆட்கள், அவர் சைக்கிள் போனால் மீன் மணக்கிறதென்று முகம் திருப்பிய ஆட்கள், வரிசையில் நின்று அவருடைய படத்துக்குப் பூப்போட்டார்கள். எங்கள் ஊரில் கவிஞராக வேண்டுமென்றால் முதலில் சாக வேண்டும், பிறகு நல்லவராக வேண்டும். முதலாவதை நோய் செய்தது. இரண்டாவதை நான் செய்தேன்.

புத்தக மேசைக்குப் பக்கத்தில் மலர் அக்கா என்னிடம் வந்தார். விரலை அந்தப் பக்கத்தில் வைத்திருந்தார்.

"தம்பி, இது எந்தக் கொப்பியில இருந்தது?"

"கடைசிக் கொப்பியில அக்கா. அந்தப் பச்சை மட்டைக் கொப்பியில."

"அந்தக் கொப்பி நான்தானே வாசிச்சனான்."

சேர் வந்து அவருடைய தோளுக்குப் பக்கத்தில் நின்று மெதுவாகச் சொன்னார். "பிள்ளை, துக்கத்தில ஞாபகம் பிசகும். வீட்ட போய்ப் படும்."

மூன்று கொப்பிகளையும் அண்ணன் பாதுகாக்கவென்று கனடாவுக்குக் கொண்டுபோய்விட்டார். மலர் அக்கா கையில் ஒன்றும் மிஞ்சவில்லை. அவர் சும்மா இருக்கவில்லை. கூட்டங்களுக்கு வந்து, கடைசி வரிசையில் இருந்து எழும்பி, அக்கா அப்படி எழுதவில்லை என்று சொன்னார். அந்த விரிவுரையாளர் அவருக்குப் பாடம் எடுத்தார்: படைப்பாளியின் உள்மனம் குடும்பத்துக்குத் தெரியவேண்டும் என்றில்லையாம். சபை கைதட்டியது. கருவாடு போடுகிற ஒருத்திக்குத் தன் அக்காவைத் தெரியாது என்று எழுத்தறிந்த சபை தீர்மானித்தது. இரண்டாம் வரிசையில் நான் இருந்தேன். அதற்குப் பிறகு அவர் கூட்டங்களுக்கு வருவதை விட்டார்.

பின்னட்டை வந்த அன்று சேருக்கு அழைப்பு எடுத்தேன். எண்பது தாண்டிவிட்டார், குரல் மட்டும் அப்படியே.

"சேர், இரண்டாம் பதிப்பில அந்தப் பக்கத்தை மாத்தவேணும்."

"ஏன் இப்ப கிளறுறீர்? ஆருக்கு நோகுது?"

"மலர் அக்காவுக்கு நோகுது."

சேர் படிப்பிக்கிற குரலில், கனிவாகச் சொன்னார். "உம்முடைய ஆயுளில நீர் எழுதின நல்ல வரிகள் அதுதான். அதை நீரே அழிக்கப் போறீரோ?"

இதைவிடக் கெட்ட வார்த்தையால் ஒருவரும் என்னை ஏசியதில்லை. ஏனென்றால் நானும் ஒன்பது வருடம் அதைத்தான் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த விரிவுரையாளருக்கு முன்னால் என் வாயைக் கட்டியது வெட்கம் என்றுதான் நினைத்திருந்தேன். வெட்கம் கொஞ்சம்தான். மிச்சம் பெருமை.

அடுத்த நாள், கையெழுத்து வைத்த அந்தப் பழைய அச்சுப்படியை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சல்லிக்குப் பஸ் ஏறினேன். அதை நான் எறியவில்லை. எறியாததைப் பெரிய நேர்மையாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம், வெளியே காட்டவும் இல்லை.

மலர் அக்கா விரித்த வலையின் மேல் மீனைப் புரட்டிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டும் கையை நிறுத்தவில்லை. பிளாஸ்டிக் கதிரையைக் காலால் தள்ளி, "இருங்கோ," என்றார்.

நான் இருக்கவில்லை. நின்றபடி சொன்னேன், நான்தான் எழுதினனான் என்று.

"தெரியும்."

"எப்ப இருந்து?"

"அண்டைக்கே. எந்தக் கொப்பி எண்டுதானே கேட்டனான். நீங்கள் மட்டையின்ர நிறமும் சொன்னீங்கள்." ஒரு மீனை எடுத்து முகர்ந்து பார்த்துத் திரும்ப வைத்தார். "பிறகு, அக்கா கடலைப் பற்றி அப்பிடிக் கதைக்கமாட்டா. கடல் திருப்பிக் கேக்காதாம். எங்கட அப்பாவை ஆர் எடுத்தது? அந்த மூண்டு கொப்பியிலயும் எங்கயாவது கடலைப் புகழ்ந்து ஒரு சொல் இருக்கே? ரவுணில இருக்கிற ஆக்கள்தான் பின்னேரம் வந்து பாத்திட்டு அப்பிடி எழுதுவினம்."

உண்மை. ஒப்பு நோக்கியவன் நான். மூன்று கொப்பியிலும் கடல் எதற்கும் உவமையாக வந்ததில்லை. எனக்குப் படவேயில்லை.

அச்சுப்படியை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. கையைக் காட்டினார், செதிலும் உப்பும். "அண்டைக்கு நான் வாசிச்சனான். இண்டைக்கு நீங்கள் வாசியுங்கோ."

வாசித்தேன். பழக்கத்தில் காற்புள்ளி, முற்றுப்புள்ளி எல்லாம் வாயில் வந்தது.

"புள்ளியை விடுங்கோ. சத்தமா வாசியுங்கோ. அங்கால வீட்டுக்கும் கேக்கட்டும்."

சத்தமாக வாசித்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் தேங்காய் துருவுகிற சத்தம் நின்றது. முடித்தபோது மலர் அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்தார். வியர்வையா வேறெதுவுமா என்று பார்க்க எனக்கு உரிமை இல்லை.

"மன்னிப்புக் கேக்க வந்தனான் அக்கா."

"எனக்குத் தெரிஞ்சதை எனக்கு வந்து சொல்லிப்போட்டு மன்னிப்பு வேற. தம்பி, நான் பொய்க்காரி எண்டு நினைக்கிற சனம் அங்க ரவுணில இருக்குது. அவையளுக்குச் சொல்லுங்கோ. பேரைப் போட்டுச் சொல்லுங்கோ. சொல்லிப்போட்டு வாங்கோ, தேத்தண்ணி தாறன்."

திரும்பி வந்து இதை எழுதினேன். ஷிபானாவிடம்தான் முதலில் கொடுத்தேன். நின்றபடியே வாசித்து முடித்தாள்.

"அங்கிள், இதை அந்த ஐயா முன்னுக்குப் போடமாட்டார்."

"தெரியும் பிள்ளை."

"உங்கட பேர் கெட்டுப் போகும்."

"அதுவும் தெரியும்."

அவள் நாற்காலியைத் திருப்பி, கணினியில் ஒரு சிறு கட்டம் போட்டாள். புத்தகத்தின் பக்க அளவு எவ்வளவு என்று கேட்டாள். சொன்னேன்.

இரண்டாம் பதிப்பு எப்படி வரும், வருமா என்று எனக்குத் தெரியாது. அதனால் இதை எங்கள் அச்சகத்தில் அடிக்கும் இந்த இதழுக்குக் கொடுத்தேன். முதற்பதிப்பு உங்களில் பலருடைய வீட்டில் இருக்கிறது. அச்சு வேலையில் பிழை விட்டால், விட்டவன் ஒரு துண்டு அடித்துக் கொடுப்பது வழக்கம். இந்த இதழின் இந்தப் பக்கத்தில் கீழே இருப்பதைக் கத்தரித்து எடுங்கள். அறுபத்திரண்டாம் பக்கத்தைத் திறந்து, என்னுடைய வரிகளின்மேல், ஒரு எழுத்தும் வெளியே தெரியாமல், நல்ல பசையாகப் போட்டு ஒட்டுங்கள்.

பிழை திருத்தம்
பக்கம் 62. முழுப் பக்கமும் கீழ்க்கண்டவாறு வாசிக்கப்பட வேண்டும்:

பெரியவர் வந்து ஒன்பது நாள். இண்டைக்குத் தன்ர சேட்டிபிக்கற்றை எடுத்துத் தா எண்டார். அலுமாரியின்ர கீழ்த்தட்டு. அடியில என்ர பேருக்கு ஒரு கடிதம். உடைச்சிருந்தது. நூலக உதவியாளர், முதலாம் திகதி வந்து பொறுப்பெடுக்கவும். பதினொரு வருசத்துக்கு முந்தின முதலாம் திகதி. அரசாங்கக் கடிதம் எண்டபடியால் கிழிக்கப் பயந்திருக்கிறார். எனக்குப் பயப்பிடேல்ல. சாப்பிட்டுக்கொண்டு இருந்தவரிட்டக் கேட்டன். நீ போயிருந்தா வீட்டில ஆர் சமைக்கிறது எண்டார், முள்ளை எடுத்துக்கொண்டே. பாரை மீன். நான் இன்னொரு துண்டு போட்டன். கை தன்பாட்டில போட்டுது. அவரை விட அந்தக் கையிலதான் எனக்குக் கோவம். மன்னிக்கேல்ல. நாளைக்கும் இல்லை. எனக்காக ஆரும் மன்னிக்கவும் வேண்டாம். விடிய நாலு வள்ளத்துக்கு ஐஸ் எழுதவேணும்.